ஒண்ணா, ரெண்டா?

காரைக்குடி, கல்லுக்கட்டிப் பக்கம்
என் கண்ணாடிக் கடை.
நாளெல்லாம் நான் கேட்பது ஒரே கேள்வி:
"ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?"
சட்டத்துள் வில்லை மாறும் சொடுக்கு.
பாதிப் பேர் பதில்: "ரெண்டும் ஒண்ணுதான்."
அப்போதெல்லாம் சின்னப் பவரை எழுதுவேன்.

சித்திரையில் எனக்கே வந்தது வெள்ளெழுத்து.
துப்பாக்கியின் பின்குறி
பஞ்சாய்ப் பிரிந்து நின்றது.
நூறு மீட்டரில் இலக்கட்டை
ஒரு வெளிறிய சந்தேகம்.
எனக்கு நானே சீட்டு எழுதிக்கொண்டேன்:
ஸ்கோப் ஒன்று. இருபதாயிரத்துக்குள்.
வீட்டில் சொன்னது
பத்தாயிரத்துக்குள்.

நவாஸ்கானிடம் இரண்டு இருந்தன, விற்பதற்கு.
அவருடைய இருபார்வைக் கண்ணாடி
நான் போட்டுக்கொடுத்தது,
பாதி விலை பாக்கி.
"ரெண்டையும் கொண்டுபோ சிட்டாளக்கா,
ஞாயித்துக்கெழம சொல்லு."

முதலாவது புதுசு. பளபளப்பு.
ஆறிலிருந்து இருபத்துநாலு மடங்கு,
கூட்டல்குறி சிவப்பாய் எரியும்,
பெட்டிக்குள் துடைக்கும் துணி, பேட்டரி, தொப்பி,
கல்யாணத் தாம்பூலப் பைபோல்
எல்லாம் இருந்தது.
இரண்டாவது வெறும் பத்து. கூடாது, குறையாது.
குழாயில் பழைய வளையம் கடித்த தழும்பு.
பதினாலாயிரத்து ஐந்நூறு, இரண்டுமே.

நேமத்தான்பட்டிக்கு அப்பால்
கிராவல் வெட்டிய குழிதான் எங்கள் மைதானம்.
பின்னால் செம்மண் சுவர், ஓரத்தில் முந்திரி.
பத்து மணிக்கே தரை கொதித்தது.
இருபத்துநாலில் வைத்துப் பார்த்தேன்:
அட்டை வந்தது, மிக அருகில் வந்தது,
கூடவே கானலும் இருபத்துநாலு மடங்கு வந்தது.
கருப்பு வட்டம் தண்ணீரில் விட்ட எண்ணெய்.
என் நாடித்துடிப்பு வேறு
அதன்மேல் ஏறி ஆடியது.
மடங்கைக் குறைத்தேன். பதினாறு. பன்னிரண்டு.
பத்துக்கு வந்ததும் வட்டம் வட்டமானது.
வாங்கிய பிறகு தினமும் குறைக்கப் போகிறேன் என்றால்
எதற்கு அந்த மிச்சம்?

அப்புறம் சதுரம் போட்டேன்.
ஒரு குண்டு.
இருபது சொடுக்கு மேலே, ஒரு குண்டு.
இருபது வலம். இருபது கீழே. இருபது இடம்.
ஐந்தாவது குண்டு
புறப்பட்ட துளைக்கே திரும்ப வேண்டும்.
பளபளப்பு நாலு விரற்கடை தள்ளி
யார் வீட்டிலோ போய் உட்கார்ந்தது.
சொடுக்கும் மாவைத் திருகியதுபோல்;
எத்தனை என்று விரலுக்கே தெரியவில்லை.
தழும்புக்காரன்
கடைசிக் குண்டை முதல் துளையில் உரசவிட்டான்.
கிழிசல் எட்டுப்போல் இருந்தது.
மறுபடி போட்டேன். மறுபடி எட்டு.

குறை இல்லாமலா?
ஐம்பது மீட்டரில் தலை நூலளவு அசைந்தால்
கூட்டல்குறி அட்டைமேல் நடக்கிறது.
நூறுக்கென்றே பட்டறையில் பூட்டிய கண்.
கன்னத்தை ஒரே இடத்தில் வைத்தால் போதும்.
"மோவாய இங்க வைங்க, அசையாதீங்க" என்று
ஊருக்கெல்லாம் சொல்கிறவள்தானே.

மிச்சத்தில் மூவாயிரத்து இருநூறு வளையங்களுக்கு.
மலிவு வளையம் வாங்கி
நல்ல கண்ணைக் கோணலாய் உட்காரவைத்தவர்களை
நான் மூக்கிலேயே பார்த்திருக்கிறேன்.
மீதி, ரவைக்கு.
நவாஸ்கானின் பாக்கியை
விலையில் கழித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, நூறு மீட்டர்.
ஐம்பதிலிருந்து ஏற பதினெட்டுச் சொடுக்கு,
எண்ணினேன், காதாலும் விரலாலும்.
கானல் இடப்பக்கம் மெல்ல ஒழுகியது.
பாதி மூச்சில் நிறுத்தி
விசையை விட்டேன்.

ஒன்பது.
பத்துக்கு ஒரு மயிரிழை வெளியே.
குமிழைத் திருப்பப் போன விரலை
மடக்கிக்கொண்டேன்.
அது கண்ணாடி விட்ட ஒன்று அல்ல.

திங்கட்கிழமை, ஆட்டோ ஓட்டுகிற பெரியகருப்பன்
நாற்காலியில், சட்டம் மூக்கில்.
"ஒண்ணா, ரெண்டா?"
"ரெண்டுல எது கம்மி விலை?"
என் முழங்கையில் சரளை பதித்த சிவப்பு
இன்னும் ஆறவில்லை.
"பதில் சொல்லுங்க," என்றேன்,
"அசையாம."